உள்ளேயா, வெளியேயா

புருவம் திருத்தும் இடுக்கியால் தங்கை அந்த வேரைப் பிடித்துத் தூக்கினாள். பிடித்துவிட்டதாகத்தான் நினைத்தாள். கண்ணருகே கொண்டுவந்து பார்த்தால் இடுக்கியின் நுனியில் ஒன்றுமே இல்லை. வேர் இன்னும் சாஸரில், தண்ணீரில், அதுபாட்டுக்குக் கிடந்தது.

"பிடிக்காத. அடியில குடுத்து அள்ளு," என்றாள் அக்கா கட்டிலிலிருந்து. "குழந்தை தலையில பேன் எடுக்கற மாதிரி."

"பேனாவது ஓடும், கண்ணுக்குத் தெரியும். இது வேரா தூசியாக்கா?"

"வேர்தான். உன் பார்லர்ல கூட்டித் தள்ளுவியே முடி, அதைவிட மெல்லிசு. நாங்களே இதை முடிவேர்னுதான் சொல்லுவோம். அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன். இல்லேன்னா உன்னை யாரு கூப்பிடுவா?"

பேசி முடிப்பதற்குள் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த சின்ன பாட்டிலில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டே இருந்தது. இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேஜையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, அதன்மேல் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த மைக்ரோஸ்கோப்பை வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு தொட்டி. தொட்டியில் சாண் உயரத்துக்கு ஒரு புதர்ச்செடி. ஊசி மாதிரி இலைகள். கொத்தாக நாலைந்து வெளிர் ஊதாப் பூக்கள்.

ஊருக்கு வெளியே மரமே இல்லாத மேட்டு நிலம் ஒன்று இருந்தது. காற்றும் கல்லும் முழங்கால் உயரப் புதரும் தவிர அங்கே வேறு கிடையாது. அக்காவின் உத்தியோகமெல்லாம் அந்தப் புதர்வெளியில்தான். கார் டிக்கி நிறைய மண் அள்ளிக்கொண்டு வருவாள். பார்லருக்கு வருகிறவர்கள், உங்க அக்கா என்னம்மா வேலை பாக்கறாங்க என்று கேட்டால், ஏதோ காளான் ஆராய்ச்சியாம் என்று சொல்லிவிட்டுத் தங்கை கத்தரியைக் கையில் எடுத்துக்கொள்வாள். அக்கா வீட்டுக்காரர், தங்கைக்கு மாமா, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவர் ஒருபடி மேலே போய் அந்தப் பூஞ்சைக்கு 'கஞ்சப் பிரபு' என்று பட்டமே கொடுத்திருந்தார்.

"சாயங்காலம் சுருள்முடி டீச்சர் வந்துருவாங்க இல்ல? அவங்க கையால செஞ்சா சுத்தமா இருக்குமே," என்றாள் தங்கை. சுருள்முடி டீச்சர் அக்காவோடு அதே கல்லூரியில் வேலை பார்ப்பவர். பரீட்சை மேற்பார்வைக்கு வெளியூர் போயிருந்தார். தங்கைக்கு மனிதர்கள் ஞாபகம் இருப்பது தலைமுடியை வைத்துத்தான்.

"நான் காத்திருப்பேன். உடம்பு காத்திருக்குமான்னு அதைக் கேளு."

தங்கை கேட்கவில்லை. இடுக்கியை மறுபடி தண்ணீரில் விட்டாள். இந்தத் தடவை வேர் வந்தது. ஸ்லைடு என்று அக்கா சொன்ன கண்ணாடித் துண்டின்மேல் அதைப் படுக்கவைத்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

"எனக்கு ஒண்ணு சொல்லு. இதுல அப்படி என்னத்தப் பாக்கப் போற?"

அக்காவின் முகம் மாறியது. வலி மாத்திரையால் மந்தமாகியிருந்த கண்கள் விரிந்தன.

"அந்த மேட்டு மண்ணுல ஒரு சத்தும் கிடையாது. முக்கியமா பாஸ்பரஸ் கிடையாது. எப்பவாவது மழை பேஞ்சு, எதாவது மக்கி, துளி கிடைக்கும். அப்ப இந்தப் பூஞ்சை ஓடிப்போய் அள்ளிக்கும். அள்ளி, தன் இழைக்குள்ள மணிமணியா கட்டி வெச்சுக்கும்."

"பூஞ்சை எங்க இருக்கு?"

"பாதி மண்ணுல, பாதி வேருக்குள்ள. வேரோட செல்லுக்குள்ளயே பூந்து, நூல்கண்டு மாதிரி சுருண்டு படுத்துக்கும்."

"அடுத்தவங்க வீட்டுக்குள்ளயா! செடி சும்மா விடுதா?"

"விடுதே. சோறு வேற போடுது. சர்க்கரையெல்லாம் செடியோடது."

"அப்ப இது பதிலுக்கு என்ன குடுக்கும்? சேத்து வெச்சதைக் குடுக்குமா?"

"அப்படிக் கேளு!" என்றாள் அக்கா. "குடுக்கும்னு தெரியும். எப்பக் குடுக்கும்? செடி தவிக்கறப்ப குடுக்குமா, தனக்கு மிஞ்சினாத்தான் குடுக்குமா? அதுதான் எனக்குத் தெரியணும். காலேஜ்ல எல்லாத் தொட்டிக்கும் ஒரே ஒரு தடவை பாஸ்பரஸ் போட்டுட்டு, அப்புறம் பட்டினி போட்டோம். மத்ததெல்லாம் அப்படியே நின்னுருச்சு. இது ஒண்ணுதான் பூத்திருக்கு. பட்டினி கிடக்கறவளுக்குப் பூக்க எங்கிருந்துடி வந்துச்சு?"

தங்கை தொட்டியைப் பார்த்தாள். தினமும் துடைத்து வைத்த தொட்டிதான். இப்போது அது முழுசாக வேறொரு சாமானாகத் தெரிந்தது. உண்மையிலேயே எங்கிருந்து வந்தது? அவளுக்கு மண்டை குடைந்தது. கைவேலையை விட்டுவிட்டு மண்ணைத் தோண்டிப் பார்த்துவிடலாமா என்றுகூட வந்தது.

"நீலச் சாயத்தை ஒரு சொட்டு விடு. கொஞ்ச நேரம் ஊறட்டும். அப்புறம் கழுவு. எல்லாம் நீலமாத் தெரியும். அந்த மணி இருக்கற இடம் மட்டும் சிவந்து காட்டும். மணியே இல்லேன்னா, குடுத்துட்டு ஓட்டாண்டி ஆயிருச்சுன்னு அர்த்தம்."

சாயம் என்றால் அவளுக்குச் சொல்லியா தரவேண்டும்? சொட்டு விட்டாள். ஊறவிட்டாள். சமையலறைக் குழாயடிக்குக் கொண்டுபோய்ப் பதமாகக் கழுவினாள். திரும்பி வந்து ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் சொருகி, அக்கா சொல்லச் சொல்லத் திருகைத் திருப்பினாள். கலங்கலிலிருந்து மெல்ல மெல்ல ஒரு வேர் எழுந்து வந்தது. செங்கல் சுவர் மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

"சிவப்பு தெரியுதா?"

"இல்லக்கா."

"நல்லாப் பாரு. ஒரு புள்ளிகூட இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு."

அக்கா தலையணையில் சாய்ந்தாள். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. அவள் துடைக்கவில்லை. "குடுத்துருச்சு," என்றாள். "மொத்தத்தையும் குடுத்துருச்சு. ஏங்க! ஏங்க, இங்க வாங்களேன்!"

மாமா கையில் டீ டம்ளரோடு ஓடிவந்தார். சந்தோஷ முகத்தோடு மனைவியைப் பார்த்து அவருக்கு எத்தனை நாளாகிவிட்டதோ, அப்படியே நின்றுவிட்டார். "உங்க கஞ்சப் பிரபு எல்லாத்தையும் தானம் பண்ணிருச்சாம்," என்றாள் அக்கா. மாமா என்ன ஏது என்று கேட்கவில்லை. சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். டீயைப் பாதி தரையில் கொட்டினார். காலை ஊசிக்கு வந்திருந்த நர்ஸம்மாகூட வாசற்படியில் நின்று சிரித்தார்.

அப்போதுதான் அக்கா புருவத்தைச் சுருக்கினாள்.

"ஏய், சிவப்பு இல்ல, சரி. நீலம் இருந்துச்சா?"

தங்கை மறுபடி குனிந்தாள். நீலம் இல்லை. எங்குமே இல்லை. சாயமே போய்விட்ட வேரில் சிவப்பு இல்லை என்பதற்கு ஒரு பொருளும் இல்லை என்று அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. தலையை நிமிர்த்தியபோது அக்காவுக்குப் பின்னால் மாமா நின்றிருந்தார். கையைக் கூப்பிக்கொண்டு தலையை ஆட்டினார். இருந்துச்சுன்னு சொல்லிடு, தாயே, சொல்லிடு. அவருடைய வலது கால், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது பயம் வந்தால் செய்வதுபோல, இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்துக்கொண்டிருந்தது.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே. ஆனால் அக்கா கேட்ட கேள்வி நேராக இருந்தது. அதைவிட, தங்கைக்கே இப்போது உண்மை தெரிந்தாகவேண்டும் போல் இருந்தது. பொய் சொல்லிவிட்டால் அவளுக்கும் அது தெரியாமலே போய்விடுமே.

"நீலமும் இல்லக்கா."

"எப்படிக் கழுவின?"

"தலைக்குச் சாயம் போட்டா கழுவற மாதிரிதான். தண்ணி தெளிவா வர்ற வரைக்கும்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, நர்ஸம்மா ஓடிவந்து முதுகைத் தாங்கிப் பிடித்தும் சிரித்தாள். "தண்ணி தெளிவா வர்ற வரைக்குமாம்! அடிப்பாவி! ஒரு முக்கு முக்கி எடுக்கறதுக்குப் பேரு கழுவறது. நீ ஷாம்பு போடாம விட்டியே!"

"கூட நாலு வார்த்தை சொல்லியிருக்கணும் நீ! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு என்னைச் சொல்லாத!"

"சிரிக்க வெக்காதீங்க," என்று நர்ஸம்மா இரண்டு பேரையும் அதட்டினார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. தங்கையை ஒரு பார்வை பார்த்தார். உனக்கென்ன குறைஞ்சுபோச்சு என்று கேட்டது அந்தப் பார்வை. துணி எடுத்துவந்து கொட்டிய டீயைத் துடைத்தார்.

"இன்னொரு வேர் எடு," என்றாள் அக்கா. குரல் நன்றாக இறங்கியிருந்தது. "இந்தத் தடவை சிவப்பு வந்தா, அது எங்கேன்னு பாரு. அதுதான் முக்கியம். வெளியில தொங்கற இழையில இருந்தா, கஞ்சப் பிரபு இன்னும் பூட்டித்தான் வெச்சிருக்கான். செல்லுக்குள்ள சுருண்டு கிடக்கே, அந்தக் கண்டுக்குள்ள இருந்தா…"

"இருந்தா?"

"குடுக்கறதுக்குன்னு வாசல் வரைக்கும் தூக்கிட்டு வந்திருக்கான்."

வெளியே லாரி ஹாரன் கேட்டது. புது ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்துவிட்டது. சந்து குறுகல். லாரி ரிவர்ஸில்தான் வரமுடியும். மாமா வாசலுக்குப் போனார்.

தங்கை இரண்டாவது வேரை அள்ளினாள். சொட்டு. ஊறல். ஒரே ஒரு முக்கு. ஓரத்தில் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்தாள். அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சந்திலிருந்து மாமாவின் குரல் வந்துகொண்டிருந்தது. "வா, வா, வா… ஒடி… இன்னும் ஒடி… செவுத்தைப் பாத்து!"

திருகைத் திருப்பினாள். முதலில் நீலப் பனி. பிறகு நீல நூல்கள். நூல்களுக்குள்ளே, கோத்து வைத்த மாதிரி, செந்நிற மணிகள்.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு நாளும் இது காலடி மண்ணுக்குள் இருந்திருக்கிறது!

"வந்துச்சா?" அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"வந்துருச்சுக்கா! நீலம் இருக்கு. உள்ள சிவப்பு சிவப்பா, பாசிமணி மாதிரி…"

"எங்கே?"

தங்கை மறுபடி குனிந்தாள். ஸ்லைடை இடப்பக்கம் நகர்த்தினால் படம் வலப்பக்கம் ஓடியது. தலைகால் புரியவில்லை. நூல் ஒன்றைப் பிடித்து அது போகும் வழியே போனாள். வெளியே தொங்கிய இழை வெறும் நீலம்தான். அடுத்ததும் அப்படியே. மூன்றாவது, வேரின் சுவர் ஓரமாக வந்து ஒரு கட்டத்துக்குள் நுழைந்தது. அங்கே சுருண்டு சுருண்டு கண்டாகக் கிடந்தது. திருகைத் துளி திருப்பினாள். கண்டு முழுக்கச் சிவப்பு. பக்கத்துக் கட்டத்திலும் சிவப்பு.

"உள்ளேக்கா! உள்ளதான் இருக்கு! வெளியில ஒண்ணுமில்ல, எல்லாம் உள்ள…"

திரும்பினாள்.

அக்கா மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. பாட்டிலில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. "அக்கா, உள்ளே," என்று தங்கை இன்னொரு தடவை, காதுக்குக் கிட்டே போய்ச் சொன்னாள். நர்ஸம்மா வந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு தங்கையின் தோளில் கை வைத்தார்.

"போதும், போதும், நிறுத்து," என்று வெளியே மாமா லாரிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

அதற்குப் பிறகு வீடு நிறைந்துவிட்டது. பக்கத்து வீடுகளிலிருந்து நாற்காலிகள் வந்தன. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டவர்கள் வந்தார்கள். பழைய மாணவிகள் வந்து சுவரோரம் நின்றார்கள். தங்கை அழுதாள். நன்றாக வாய்விட்டே அழுதாள். அழுகை ஓய்ந்த இடைவெளியில் அவளுக்கு ஸ்லைடு ஞாபகம் வந்தது. காய்ந்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்று அக்கா சொல்லியிருந்தாள். எழுந்துபோய்க் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாள்.

"ஏம்மா, இந்த நேரத்துல அதைப் போய் நோண்டிக்கிட்டு?" என்றார் உறவுக்காரப் பெரியம்மா. "அந்த மிஷினைத் தூக்கி உள்ள வைங்கப்பா, இடம் அடைக்குது."

"அதை யாரும் தொடாதீங்க!" என்றாள் தங்கை. அவள் போட்ட சத்தத்தில் பெரியம்மா வாயை மூடிக்கொண்டார்.

மாமா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா கிளம்பும்போது மாமா அவரிடம் கேட்டார், "கடைசியா எதாவது சொன்னாளா?"

"கஷ்டப்படல சார். 'எங்கே'ன்னு ஒரு வார்த்தை கேட்டாங்க. அவ்வளவுதான்."

மாமாவின் முகம் நொறுங்கியதைத் தங்கை பார்த்தாள். "என்னைத் தேடியிருக்கா," என்றார். "நான் வெளியில நின்னுக்கிட்டு லாரிக்கு வழி காட்டிக்கிட்டிருக்கேன். அவ என்னைத் தேடியிருக்கா."

வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் குரல் உடைந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் ஒரு தெம்பும் வந்தது. கடைசி மூச்சில் பெண்டாட்டி தேடிய மனுஷன் அல்லவா? பக்கத்தில் இல்லாமல் போனோமே என்று மாரில் அடித்துக்கொண்டார். அடுத்த ஆள் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

தங்கை மென்று விழுங்கினாள். சொன்னால் அவர் மனசிலுள்ள குற்ற உணர்ச்சி இறங்கிவிடும். கூடவே அந்தத் தேடலும் போய்விடுமே? காலையில் அக்காவிடம் ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லை. இப்போது பொய்கூடச் சொல்லவேண்டாம், சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா என்று நினைத்துக்கொண்டு இன்னொரு சொட்டுத் தண்ணீர் விட்டாள்.

சுருள்முடி டீச்சர் வெயில் தாழ்ந்து வந்தார். பயணத்தில் முடி கலைந்து கொண்டையிலிருந்து பிரிந்து தொங்கியது. கட்டிலருகே போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு தங்கையைக் கட்டிக்கொண்டு குலுங்கினார்.

"காலையில பாத்தோம் டீச்சர்," என்றாள் தங்கை அவர் தோளில் முகத்தை வைத்தபடி. வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சிவப்பு வந்துச்சு."

டீச்சர் சட்டென்று விலகி அவளுடைய இரண்டு புஜங்களையும் பிடித்தார். கண்ணீர் வழிந்த முகத்தில் கண்கள் விரிந்திருந்தன.

"எங்கே?"

கூடத்தில் எல்லோருக்கும் அது கேட்டது. மாமா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றார்.

"உள்ளேயா, வெளியேயா?" என்றார் டீச்சர், எதையும் கவனிக்காமல்.

"உள்ளே. கண்டுக்குள்ள. வெளி இழையில ஒண்ணுமே இல்ல."

"ஐயோ," என்று டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஒரு வேரை வெச்சு ஒண்ணும் சொல்லிட முடியாது. அவளே என்னைத் திட்டுவா. ஆனா… ஐயோ, அவ பாத்திருக்கணுமே!"

மாமா எழுந்தார். நாற்காலிகளுக்கு நடுவே வழி கேட்டு வருவதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. தங்கையின் எதிரில் வந்து நின்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ கேட்டது இதையா?"

"ஆமா மாமா."

"பதில் சொன்னியா?"

"சொன்னேன். அதுக்குள்ள…"

அவர் மேஜையைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த மைக்ரோஸ்கோப்புக்குள் அவர் ஒரு தடவைகூடக் கண்ணை வைத்ததில்லை. மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"எங்கேன்னு எனக்குக் காட்டு," என்றார்.

தங்கை நகர்ந்து இடம் விட்டாள். அவர் குனிந்தார்.

"என்னமோ முள்ளு முள்ளா இருக்கு."

"அது உங்க கண் இமை மாமா. ரொம்பக் கிட்டப் போகாதீங்க. ரோட்டுல தூரத்துல பாப்பீங்களே, அப்படிப் பாருங்க."

"கலங்கலா இருக்கும்மா."

"இருங்க, திருப்பறேன்."

படம் சரியாகத்தான் இருந்தது. சற்று முன்புதான் அவள் பார்த்திருந்தாள். ஆனாலும் திருகின்மேல் கையை வைத்தாள். டீச்சர் மறுபக்கம் வந்து நின்றார்.

"இப்ப?"

"நீலமா… நூலு மாதிரி…"

"ஆங், அதுதான். அந்த நூலோடயே போங்க. ஒரு கட்டத்துக்குள்ள நுழையும்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ எட்டிப் பார்த்து, "வண்டி வந்தாச்சு, எடுத்துடலாமா?" என்றார்.

மாமா கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் பின்பக்கமாக நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கேட்டவர் அப்படியே வாசற்படியில் நின்றார்.